திரை விமர்சகரின் அறம்: அந்தமானைக் காட்டும் படங்களை முன்வைத்து

முன்னுரை

ஒரு திரைப்படத்தை நன்று என்றோ தீது என்றோ கூறும் உரிமை விமர்சகருக்கு எங்கிருந்து வருகிறது, அவ்வுரிமையோடு எத்தகைய கடமை இணைந்து நிற்கிறது என்னும் வினாக்கள் அண்மைக் காலத்தில் மீண்டும் எழுந்துள்ளன. படம் வெளியாகும் நாளிலேயே திரையரங்க வளாகத்தில் பார்வையாளரின் கருத்துகளைப் பதிவு செய்து பரப்புவதைத் தடுக்குமாறு 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடை செய்யக் கோரித் தயாரிப்பாளர் தரப்பில் சென்னை உயர் நீதிமன்றமும் அணுகப்பட்டது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அவ்வாறு இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

இவ்வழக்காடலில் பேசப்பட்டவை படைப்போரின் இழப்பும் கருத்துரைப்போரின் உரிமையுமே ஆகும். பார்வையாளர் நலனும் ஓரளவு பேசப்பட்டது. திரையில் காட்டப்படுவோர் என்றொரு தரப்பினர் உண்டு என்பது எவர் நினைவிலும் எழவில்லை. பெரும்பாலான படங்களில் இத்தரப்பு கற்பனை மாந்தராகவே அமைவதால் அம்மறதி பெரிதாகத் தோன்றுவதில்லை. உண்மை மாந்தரையும் உண்மை இடத்தையும் பொருளாகக் கொண்ட படங்களில் அது பெரிதாகிறது. அந்தமான் நிகோபார்த் தீவுகளைக் காட்டிய படங்கள் இதற்குத் தக்க சான்றுகளாகும். காட்டப்படுவோர்க்கு விமர்சகர் செலுத்த வேண்டிய கடன் ஏதும் உண்டா, உண்டெனில் அது யாது என்பதை இப்படங்களின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமர்சனத்தின் வழக்கமான அளவுகோல்கள்

தமிழில் திரைப்பட மதிப்புரைக்கு நெடிய மரபு உண்டு. 1930களில் கல்கி ஆனந்த விகடனில் இசை, நாடகம், திரைப்படம் ஆகியவற்றைக் குறித்துக் கூர்மையும் எள்ளலும் கலந்து எழுதினார். பின்னாளில் அவ்விதழ் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என மதிப்பெண் வழங்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மதிப்பெண் இன்றும் நினைவுகூரப்படுகிறது. சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் திரைப்படத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்கும் முறையை வளர்த்தனர்.

இவற்றுள் நாளிதழ், வார இதழ் மதிப்புரைகள் கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்னும் கூறுகளைத் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பனவாகும். இம்முறை பயனற்றதன்று. தொழில்நுட்பத் தேர்ச்சியை மதிக்கவும் சோம்பலான படைப்பைக் கண்டிக்கவும் அது உதவுகிறது. ஆயினும் இக்கூறுகள் யாவும் படைப்பவர்க்கும் பார்ப்பவர்க்கும் இடைப்பட்டவை. காட்டப்படுபவர் இத்துலாக்கோலின் எத்தட்டிலும் இல்லை.

இதற்கு மறுப்பாக, விமர்சகர் கலையை மதிப்பிடுபவரேயன்றி வரலாற்றாசிரியரோ வழக்குரைஞரோ அல்லர் எனக் கூறலாம். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒவ்வொரு காட்சியையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பிழை எண்ணுபவர் கலையின் வாயிலிலேயே நின்றுவிடுகிறார். எனவே உண்மையைக் கோருவதற்கும் கலையை அதன் இயல்பில் ஏற்பதற்கும் இடையே ஒரு நெறி தேவைப்படுகிறது. அந்நெறியைத் தமிழ்க் கவிதையியலே தருகிறது.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

அகப்பாடலின் நெறி நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து அமைவது எனத் தொல்காப்பியர் கருதினார். அக்கலப்பையே புலனெறி வழக்கம் என்பர். உலகில் நிகழ்வதை அவ்வாறே கூறுதல் மட்டும் பாட்டாகாது. உலகத்தோடு தொடர்பற்ற புனைவும் பாட்டாகாது. இக்கருத்தைத் திரைக்குப் பொருத்தினால், படம் உண்மையிலிருந்து விலகியதா என்னும் வினா போதாது என்பது விளங்கும். விலகல் எதன்பொருட்டு நிகழ்ந்தது, பார்ப்பவர் அதனை விலகல் என அறியும் வாய்ப்பு உண்டா என்பனவே உரிய வினாக்களாகும்.

1996இல் பிரியதர்ஷன் இயக்கத்தில் மலையாளத்தில் ‘காலாபானி’ எனவும் தமிழில் ‘சிறைச்சாலை’ எனவும் வெளிவந்த படம் இவ்வகையில் நோக்கத்தக்கது. மோகன்லால், பிரபு, தபு, அம்ரீஷ் பூரி ஆகியோர் நடித்த இப்படத்திற்கு இளையராஜா இசையமைத்தார். 43ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சந்தோஷ் சிவனுக்கு ஒளிப்பதிவிற்காகவும் சாபு சிரிலுக்குக் கலை இயக்கத்திற்காகவும் இப்படத்தின் வழி விருதுகள் கிடைத்தன. முற்கூறிய அளவுகோல்களின்படி இது உயர்ந்த மதிப்பெண் பெறத்தக்க படமேயாகும்.

செல்லுலர் சிறையின் கட்டுமானம் 1896இல் தொடங்கி 1906இல் நிறைவுற்றது. நடுவிலிருந்த கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் விரிந்திருந்தன. இன்று மூன்றே எஞ்சியுள்ளன. ஒரு சிறகின் அறைகள் மற்றொரு சிறகின் பின்புறத்தை நோக்குமாறு அமைக்கப்பட்டமையால் கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் காண இயலாது. செக்கிழுத்தல், தேங்காய் நார் உரித்தல் ஆகியன அங்கு விதிக்கப்பட்ட வேலைகள். அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்று அங்கு அனுப்பப்பட்டோருள் உல்லாஸ்கர் தத் மனநிலை பாதிக்கப்பட்டு, பின்னர்ச் சென்னையிலிருந்த மனநோய் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். இந்துபூஷண் ராய் 1912இல் தம் அறையிலேயே தூக்கிட்டு உயிர்துறந்தார். 1933ஆம் ஆண்டின் உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் ஆகிய மூவர் இறந்தனர். கட்டாயமாக உணவு புகட்ட முயன்றமையே அச்சாவுகளுக்குக் காரணமாயிற்று.

இக்கொடுமைகளின் சாயலைப் படம் வலிமையுடன் காட்டுகிறது. ஆயின் அதன் முடிவில் கதைத்தலைவன் சிறையதிகாரி டேவிட் பாரியைக் கொன்று பழி தீர்க்கிறான். டேவிட் பாரி கற்பனை மாந்தர் அல்லர். அச்சிறையை உண்மையாகவே ஆண்டவர். அவர் கைதிகளால் கொல்லப்படவில்லை. பணிக்காலம் முடித்து அத்தீவை விட்டு நீங்கியவர்.

இது பொய்யா, நாடக வழக்கா? பழிதீர்க்கும் முடிவு வெகுமக்கள் திரைப்படத்தின் வழக்கமே என்பதால் அதனைப் பொய் எனத் தள்ளுதல் பொருந்தாது. எனினும் அம்முடிவு பார்ப்பவருள்ளத்தில் என்ன செய்கிறது என்பதை விமர்சகர் நோக்குதல் வேண்டும். சுவைக்கப்படும் பொருள், பொறியுணர்வு, மனக்குறிப்பு, மெய்யில் தோன்றும் வேறுபாடு என மெய்ப்பாட்டின் படிநிலைகளை உரையாசிரியர் பகுத்துக் காட்டுவர். இங்கு அழுகையாகத் தொடங்கியது வெகுளியாகிப் பின் உவகையாக முடிகிறது. கொடியவன் வீழ்ந்தான் என்னும் ஆறுதலோடு பார்வையாளர் அரங்கை விட்டு வெளியேறுகிறார். இந்துபூஷண் ராயின் சாவுக்கு அத்தகைய ஆறுதல் எதுவும் நிகழவில்லை. தீராத துயரொன்றைத் தீர்ந்ததாக உணர்வதில், இறந்தோர்க்குச் செலுத்த வேண்டிய கடனும் தீர்ந்ததாக உணரும் தீங்கு உண்டு.

ஆகவே இப்படத்தை மதிப்பிடும் விமர்சகர், முடிவு எழுச்சியூட்டுகிறது என்று கூறுவதோடு நிற்றல் ஆகாது. அவ்வெழுச்சி படம் தந்தது, வரலாறு தராதது என்பதையும் கூறுதல் வேண்டும். இது படத்தின் மதிப்பைக் குறைப்பதன்று. நாடக வழக்கை நாடக வழக்கென்றே அறிந்து சுவைக்குமாறு பார்வையாளர்க்கு உதவுவதாகும்.

பெயர் சுட்டுதலும் பொறுப்பும்

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பதும் புறத்திணையில் அத்தடை இல்லை என்பதும் தமிழிலக்கண மரபு. இவ்விதி காட்டப்படுவோரின் நலன் கருதி வகுக்கப்பட்டது எனக் கொள்ளச் சான்றில்லை. அகவொழுக்கத்தின் பொதுமையைக் காத்தலே அதன் கருத்து எனலாம். ஆயினும் அதன் பயன் அறவியல் நோக்கிலும் எண்ணத்தக்கது. பெயர் சுட்டாத பாட்டு எல்லார்க்கும் உரியது. எவர்மீதும் சான்று கூறாதது. பெயர் சுட்டிய பாட்டு ஒருவர்மீது சான்று கூறுகிறது. எனவே அதன்கண் உண்மைக்கான பொறுப்பு மிகுகிறது.

‘சிறைச்சாலை’யில் கதைத்தலைவன் கோவர்தன் புனைவு மாந்தன், பாரியும் சாவர்க்கரும் பெயர் சுட்டப்பட்ட வரலாற்று மாந்தர். இரு வழக்குகளும் ஒரே படத்தில் கலந்துள்ளன. கலப்பின் எல்லையைப் பார்வையாளர் தாமே அறிய இயலாது. அதனைச் சுட்டிக்காட்டும் நிலையில் இருப்பவர் விமர்சகரே. 1952இல் கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்தைத் தழுவி எம்.ஜி.ஆர். நடிப்பில் வெளிவந்த ‘அந்தமான் கைதி’யில் இத்தகைய சிக்கல் எழவில்லை. அங்கு அந்தமான் என்பது வரலாற்று இடமாக நில்லாமல், தண்டனையின் கடுமையைக் குறிக்கும் சொல்லாகவே நிற்கிறது.

2023இல் வெளிவந்த ‘காலா பானி’ என்னும் இந்தித் தொடர் வேறொரு வழியைக் கையாண்டது. அந்தமானில் கொள்ளைநோய் பரவுவதாக அமைந்த அக்கதையில் ‘ஒராகா’ என்னும் பழங்குடி இடம்பெறுகிறது. அப்பெயருடைய பழங்குடி உலகில் இல்லை. உண்மைப் பழங்குடி ஒன்றின்மீது புனைவை ஏற்றாமல் விலகியது ஒருவகைக் கண்ணியம் எனலாம். எனினும் கதை நிகழும் தீவின் பெயர் உண்மைப் பெயராகவே இருத்தலால், பார்ப்பவர் அப்புனைவை ஜாரவா, ஒங்கே முதலிய மக்களின்மீது ஏற்றிக் காணும் வாய்ப்பும் உண்டு. இடப்பெயரைச் சுட்டி மக்கட்பெயரை மறைக்கும் இம்முறை எந்த அளவு காக்கிறது, எந்த அளவு காக்கத் தவறுகிறது என்பது விமர்சகர் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

காட்டப்பட மறுத்தோர்

இறந்தோர் தம்மைப் பற்றிய படத்தை மறுக்க இயலாது. உயிரோடிருந்து மறுத்தோரும் அந்தமானில் உண்டு.

1974இல் ‘மனிதனைத் தேடும் மனிதன்’ எனப் பொருள்படும் தலைப்புடைய ஆவணப்படத்திற்காக ஒரு குழு வடக்கு சென்டினல் தீவை அணுகியது. மானிடவியலாளர் திரிலோகிநாத் பண்டிட்டும் ஆயுதம் தாங்கிய காவலரும் உடன் சென்றனர். தேங்காய் முதலிய பரிசுகள் கரையில் வைக்கப்பட்டன. தீவினர் அம்பெய்தனர், ஓர் அம்பு ஆவணப்பட இயக்குநரின் தொடையில் தைத்தது. படப்பிடிப்பு அத்துடன் கைவிடப்பட்டு, அம்பெய்த காட்சிகளும் பதிவாயின.

இக்காட்சிகளை எவ்வாறு மதிப்பிடுவது? அரிய பதிவு என்று ஒருவர் பாராட்டலாம். அம்மக்களை அச்சமூட்டுவோராகக் காட்டுகிறது என்று மற்றொருவர் குறை கூறலாம். இரண்டும் படத்தைப் படமாக மட்டுமே காண்பன. அவ்வம்பு படப்பிடிப்பிற்கு எதிரான கருத்துரையே என்று கூறுதலும் மிகையாகும். படக்கருவி இன்னதென அறியாதார் அதனை மறுத்தனர் என்பது நம் கருத்தை அவர்மேல் ஏற்றுவதாகும். உறுதியாகக் கூறத்தக்கது ஒன்றே: அணுகுதலை அவர்கள் விரும்பவில்லை, அவ்விருப்பமின்மை எவரும் ஐயுறாத வகையில் வெளிப்பட்டது, அதன் பின்னும் அப்பதிவு காட்சிப்பொருளாயிற்று. அக்காட்சியின் அருமையைப் புகழும் விமர்சகர் அதன் விலையையும் உடன் கூறவில்லையெனில், அம்மறுப்பை இரண்டாம் முறை புறக்கணித்தவராகிறார்.

ஜாரவா மக்களின் நிலை இதனினும் துயரமானது. உணவு தருவதாகக் கூறி ஜாரவாப் பெண்களை ஆடச் செய்யும் காட்சியை இலண்டனிலிருந்து வெளிவரும் ‘அப்சர்வர்’ இதழ் 2012 சனவரியில் வெளியிட்டது. நாட்டில் பெருங்கண்டனம் எழுந்தது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவ்வாண்டே திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. இங்கு ஓர் இடர்ப்பாடு நோக்கத்தக்கது. கொடுமையை வெளிப்படுத்தற்கு அக்காட்சி தேவைப்பட்டது. ஆயின் அதனைக் காணும் ஒவ்வொருவரும் அப்பெண்கள் விரும்பாத பார்வையாளர் வரிசையில் ஒருவராகச் சேர்கின்றனர். கண்டனத்தின்பொருட்டுக் காண்பதும் காண்பதே. விமர்சகரின் தொழில் காண்பதிலேயே தொடங்குவதால் இவ்விடர்ப்பாட்டிலிருந்து அவர் முற்றும் விடுபட இயலாது. காணத் தேவையில்லாததைக் காண வேண்டா எனக் கூறுவதும் விமர்சனத்தின் ஒரு பகுதியாதல் கூடும்.

காட்டப்படாதோர்

காட்டப்பட்டோர்க்குச் செய்யும் கடனைப் போன்றே காட்டப்படாதோர்க்குச் செய்யும் கடனும் உண்டு. முக்தா வி. சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்து 1978இல் வெளிவந்த ‘அந்தமான் காதலி’ அத்தீவுகளின் எழிலைத் தமிழ்ப் பார்வையாளர்க்கு அறிமுகப்படுத்தியது. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதனின் பாடல்களால் அது இன்றும் நினைவில் நிற்கிறது. அங்குக் கடலும் கரையும் காதலின் களமாக நின்றன. குடியேறிய மக்களின் உழைப்பு கதைப்பொருளாகவில்லை.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் வாழ்வோருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் நிகோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டன. தேயிலைத் தோட்டத்திலிருந்து இரப்பர்த் தோட்டத்திற்கு வந்த அத்தீவை 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை பெரிதும் அழித்தது. இரு முறை வேரூன்றி இரு முறையும் அலைக்கழிக்கப்பட்ட இவ்வாழ்வு மேற்கூறிய படங்கள் எவற்றிலும் இடம்பெறவில்லை.

ஒரு படம் தான் எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றைக் காட்டவில்லை எனக் குறை கூறுதல் முறையன்று. ஆனால் எழுபது ஆண்டுகளில் வந்த படங்களை ஒருங்கே நோக்கும் விமர்சகர், சிறையும் காதலும் பழங்குடியும் மீண்டும் மீண்டும் காட்டப்பட, அங்கு நாள்தோறும் வாழ்வோர் காட்டப்படாமையைப் பதிவு செய்தல் வேண்டும். தனிப்படத்தை மதிப்பிடுவோர் இதனைக் காணார். மரபை நோக்குவோரே காண்பர். தமிழாய்வுத் துறையினர் திரை விமர்சனத்திற்கு அளிக்கத்தக்க பங்கும் இதுவேயாகும்.

நடுவுநிலைமையும் கண்ணோட்டமும்

விமர்சகர்க்கு இன்றியமையாப் பண்பு நடுவுநிலைமை என்பது பொதுக் கருத்து. வள்ளுவர் அதனை இல்லறவியலில் வைத்தார். கண்ணோட்டம் என்னும் பண்பையோ அரசியலில் வைத்தார். தன்னொடு பயின்றவரைக் கண்டவிடத்து அவர் கூறியவற்றை மறுக்க இயலாமையே கண்ணோட்டம் என்றும், அவர்மேல் கண் ஓடுதலால் நிகழ்வதாகலின் அப்பெயர் பெற்றது என்றும் பரிமேலழகர் விளக்குவர். இவ்விளக்கம் விமர்சகர்க்கு ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது. அவரொடு பயின்றவர் இயக்குநரும் நடிகரும் வாசகருமே. அவர்கள்மேல் கண்ணோடுதல் எளிது. அது பெரும்பாலும் நடுவுநிலைமையைக் கெடுக்கும். கடமைக்கு ஊறு நேராத வகையில் கண்ணோடல் வேண்டும் என அவ்வதிகாரமே வரையறுப்பது இதனை நோக்கியே எனலாம்.

காட்டப்படுவோர் விமர்சகரொடு பயிலாதவர். அவரது எழுத்தைப் படிக்கவும் மாட்டார். அவர்மேல் கண்ணோடுதலால் விமர்சகர்க்கு வரும் ஊதியம் எதுவுமில்லை. அதனாலேயே அக்கண்ணோட்டம் நடுவுநிலைமையைக் கெடுப்பதில்லை. மாறாக அதனை நிறைவு செய்கிறது. துலாக்கோலில் இல்லாத தரப்பை இருப்பதாக எண்ணி நிறுப்பதே நடுவுநிலைமையின் முழுமை. அதன்பொருட்டு விமர்சகர் தம் இரசனையைக் கைவிட வேண்டுவதில்லை. ஒளிப்பதிவின் அழகை அழகென்றே கூறலாம். அவ்வொளி எவர்மேல் விழுந்தது என்பதை உடன் கூறுதல் வேண்டும் என்பதே வேண்டப்படுவது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. உண்மை மாந்தரைப் பொருளாகக் கொண்ட படங்களில் படைப்பவர், பார்ப்பவர் என்னும் இருவரோடு காட்டப்படுபவர் என்னும் மூன்றாமவரும் விமர்சகரின் எண்ணத்தில் இடம்பெறுதல் வேண்டும். நாடக வழக்கை மறுக்காமலேயே, அது உலகியல் வழக்கிலிருந்து பிரியும் இடத்தைச் சுட்டுதல் விமர்சகரின் கடமை. பெயர் சுட்டப்படும்போது அக்கடமை மிகுகிறது. மறுத்தோரின் மறுப்பையும் காட்டப்படாதோரின் இன்மையையும் பதிவு செய்தல் அதன் பகுதிகளாகும்.

விமர்சனத்தைத் தடுக்க இயலாது என்னும் நிலை விமர்சகர்க்கு உரிமையைத் தருகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் அச்சிறையின் மூன்று சிறகுகள் இன்றும் நிற்கின்றன; 1979 முதல் அது தேசிய நினைவகம். படத்தை முன்னரே கண்டு, பாரி கொல்லப்பட்டதாக எண்ணி அங்கு வருபவர் ஒருவரேனும் இருப்பின், அவர் மனத்திலுள்ள அப்பிழைக்குப் படைத்தவர் மட்டும் பொறுப்பாளர் அல்லர். அப்படத்தை மதிப்பிட்டு, அதனைக் கூறாது விட்டவர்க்கும் அதில் பங்குண்டு.